கோழியைக் கழுவிச் சமைப்பது தப்பா?

கேள்வி: ஜூன் 2, 2024, ஞாயிறு காலை 10.15

மகன் இங்கிலாந்தில், லெஸ்டரில் படிக்கிறான். இன்று காலை வீடியோ காலில் பேசிக்கொண்டே கோழியைக் கழுவினேன். "அம்மா, அதைக் கழுவாதீங்க, இங்க கழுவக் கூடாதுன்னு பாக்கெட்லயே போட்டிருக்கான்" என்கிறான். மூன்று தண்ணீர் விட்டு அலசி, மஞ்சளும் கல் உப்பும் போட்டுப் பிசறாமல் என் வீட்டில் கோழி அடுப்பேறியதே இல்லை. கழுவாமல் எப்படிச் சாப்பிடுவது? நினைத்தாலே குமட்டுகிறது. கழுவினால் கிருமி போகுமா, போகாதா?

ஜூன் 2, பகல் 12.05

போகாது. பையன் சொல்வது சரி. ஒரு மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் 26 வருடம் டெக்னீஷியனாக இருந்த தைரியத்தில் சொல்கிறேன், மூன்று தண்ணீர் அல்ல, முப்பது தண்ணீர் விட்டாலும் கோழித்தோலில் இருக்கிற பாக்டீரியா முழுதாகப் போகாது. இறகு பிடுங்கிய குழிகளில் ஒண்டிக்கொண்டிருக்கும், தண்ணீர் அங்கே எட்டாது. எட்டுகிற கொஞ்சநஞ்சமும் சாக்கடைக்குப் போகிறது என்று நினைக்கிறோம். அதில் ஒரு பங்கு சிங்க் விளிம்பு, பக்கத்தில் கவிழ்த்த டம்ளர், நம் நைட்டி என்று தெறிக்கிறது.

இங்கிலாந்தில் இந்தப் பேச்சு 2014-ல் பெரிதாகக் கிளம்பியது. உணவுத் தரத்துக்கான அரசு முகமை "கோழியைக் கழுவாதீர்கள்" என்று பிரசாரமே நடத்தியது. அந்தச் சமயத்தில் ஒரு வருடம் கடை கடையாகக் கோழி வாங்கிப் பரிசோதித்ததில் 73 சதவீதத்தில் கேம்பைலோபாக்டர் என்ற வயிற்றுப்போக்குக் கிருமி இருந்தது. நூற்றுக்கு ஏழு பாக்கெட்டின் வெளிப்புறத்திலேயே இருந்தது. பையிலிருந்து எடுக்கும்போதே கையில் ஒட்டிவிட்டது என்று அர்த்தம்.

கொதித்தால் செத்துவிடும். அவ்வளவுதான் விஷயம். கழுவாதீர்கள்.

ஜூன் 2, பகல் 12.20

மஞ்சளை மறந்துவிட்டேன், அதற்குள் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். மஞ்சளில் இருக்கிற குர்குமின் சில பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுப்பது ஆய்வகத்தில் உண்மைதான். ஆனால் அது தண்ணீரில் லேசில் கரையாத ஜாதி. வேறு திரவத்தில் கரைத்து, அளந்து, இரவெல்லாம் வைத்துப் பார்க்கிற வேலை வேறு. கழுவும் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டுப் பிசறி இரண்டு நிமிடத்தில் கொட்டுவது வேறு. கவுச்சி வாடை குறையும், கறிக்கு நிறம் வரும். அதற்காகப் போடுங்கள்.

ஜூன் 2, இரவு 9.30

கறிக்கடைத் தம்பி கோபப்பட்டிருக்கிறார். "கண்ணு முன்னாடி உசுரோட பிடிச்சு வெட்டித் தர்றோம், இதுல எங்கேர்ந்து கிருமி வரும்?"

தம்பி, உங்கள் கடையைச் சொல்லவில்லை. கெட்டுப்போன கறியில்தான் கிருமி என்ற நினைப்பைச் சொல்கிறேன். கறியை நாற வைப்பவை பெரும்பாலும் வேறு பாக்டீரியாக்கள், அவை நம்மை எச்சரித்துவிட்டுப் போகின்றன. கேம்பைலோபாக்டரும் சால்மோனெல்லாவும் நன்றாக ஓடியாடுகிற கோழியின் குடலில் குடியிருப்பவை. கறியில் வாடை இருக்காது, நிறம் மாறாது, கோழிக்கும் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. கோழியின் உடல் சூடு 41, 42 டிகிரி. கேம்பைலோபாக்டரை ஆய்வகத்தில் வளர்ப்பதும் 42 டிகிரியில்தான். பறவைக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி.

அறுத்த கோழியை முக்குகிற வெந்நீரில் காலையிலிருந்து எத்தனை கோழி முங்கியிருக்கும்? அப்புறம் ரப்பர் விரல் வைத்த அந்த டிரம். உள்ளே சுழலும்போது வயிறு நசுங்கி எச்சம் வெளியே வரும், அடுத்த கோழியும் அதே டிரம்மில் விழும். தோல் உரித்து வாங்கினால் கொஞ்சம் குறையும், இறகுக் குழிகள் தோலோடு போய்விடுமே. ஆனால் உரித்த கை, கத்தி, கட்டை எல்லாம் அதேதான். கறி புதுசு, சரி. கிருமியும் புதுசு.

ஜூன் 3, காலை 6.50

ஒரு திருத்தம். நேற்று இன்னொருவருக்குப் பதிலாக "கோழியை வெளியே வைத்தால் கேம்பைலோபாக்டர் மளமளவென்று பெருகிவிடும்" என்று எழுதினேன். ராத்திரி படுத்த பிறகு உறைத்தது. 30 டிகிரிக்குக் கீழே அது பெருகாது. நம் ஊர் வெயில் 30-ஐத் தாண்டினாலும், காற்றில் இருக்கிற 21 சதவீத ஆக்ஸிஜன் அதற்கு ஆகாது, 5 சதவீதம் போதும். வெளியே வைத்தால் பெருகுவது சால்மோனெல்லா. இரண்டையும் போட்டுக் குழப்பிவிட்டேன்.

குழப்பத்துக்குக் காரணமும் சொல்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் கேம்பைலோபாக்டரை நாங்கள் தேடியதே இல்லை. அதற்கென்று வாயுக் கலவை, கரி கலந்த ஊடகம், 42 டிகிரிக்குத் தனி இன்குபேட்டர் வேண்டும். வயிற்றுப்போக்கு என்று மாதிரி வந்தால் சால்மோனெல்லா, ஷிகெல்லா, காலரா மூன்றையும் பார்த்துவிட்டு "நோய்க்கிருமி எதுவும் வளரவில்லை" என்று சீட்டு எழுதி அனுப்புவோம். எத்தனை கேம்பைலோபாக்டர் அந்தச் சீட்டோடு வீட்டுக்குப் போயினவோ.

பெருகாவிட்டால் பயமில்லையே என்று கேட்காதீர்கள். அது பெருகவே தேவையில்லை. 1981-ல் ராபின்சன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், பாலில் 500 கேம்பைலோபாக்டரைக் கலந்து தானே குடித்துப் பார்த்தார். நாலாம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். கோழியிலிருந்து வடிகிற நீர் ஒரு சொட்டிலேயே 500 இருக்கலாம்.

ஜூன் 5, இரவு 10.40

கேம்பைலோபாக்டர் எனக்கே வந்திருக்கிறது, அதாவது வந்தது அதுதான் என்று நினைக்கிறேன். 2009, மகளின் நிச்சயதார்த்தத்துக்கு முந்தின வாரம். புதன்கிழமை ராத்திரி காய்ச்சல் 102. வலது அடிவயிற்றில் குத்துகிற வலி, குடல்வாலோ என்று பயந்தோம். மறுநாள் வயிற்றுப்போக்கில் ரத்தம். செவ்வாய்க்கிழமை வெளியே பரோட்டா சாப்பிட்டிருந்தேன். "எல்லாம் அந்தக் கடையால்" என்று பத்து வருடம் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் மாதிரியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்றும் வளரவில்லை.

வேலையை விட்ட பிறகு, ஓய்வில் படித்துக்கொண்டிருந்தபோதுதான் கணக்குப் போட்டேன். கேம்பைலோபாக்டர் உள்ளே போய் நோய் காட்ட பொதுவாக இரண்டு முதல் ஐந்து நாள் ஆகும். புதனில் இருந்து பின்னால் எண்ணினால் ஞாயிறு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நாட்டுக்கோழி. மஞ்சள் தடவித் தீயில் வாட்டி, அரிவாள்மனையில் அரிந்து, மனையைத் தண்ணீரில் ஒரு அலசு அலசிவிட்டு, அதே மனையில் தயிர்ப் பச்சடிக்கு வெங்காயமும் வெள்ளரிக்காயும் நறுக்கினேன். கோழிக்குழம்பை வீட்டில் எல்லோரும் சாப்பிட்டோம். பச்சடியை நான் மட்டும். வீட்டுக்காரருக்கு வெள்ளரிக்காய் வாடையே ஆகாது. அவர் கல்லுக்குண்டு மாதிரி நடமாடினார்.

நிரூபணம் இல்லை, தெரியும். ஆனாலும் பரோட்டாக் கடைக்காரரிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். வயிறு கெட்டால் நாம் எப்போதும் கடைசியாகச் சாப்பிட்டதைத்தான் பிடித்து உலுக்குகிறோம். அதுவும் வெளியே சாப்பிட்டதாக இருந்தால் விசாரணையே கிடையாது, நேரே தண்டனை.

ஜூன் 6, மாலை 5.10

"கிருமி கிருமி என்கிறீர்கள், வயிற்றுக்குள் போய் என்னதான் செய்கிறது?" என்று கேட்டவருக்கு. நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

குடலின் உட்சுவர் ஒற்றை வரிசைச் செல்களால் ஆனது, மேலே சளிப் படலம். அந்தச் சளியில் மற்ற பாக்டீரியாக்கள் சிக்கித் திணறும். கேம்பைலோபாக்டர் திருகாணி மாதிரி இருப்பதால் திருகித் திருகி உள்ளே போய்விடும். செல்லில் ஒட்டிக்கொண்டு, உள்ளேயும் நுழையும். அதோடு ஒரு நச்சும் விடும். அந்த நச்சு மூன்று துண்டு. இரண்டு துண்டு செல்லின் மேல் பிடித்துக்கொண்டு வழி செய்து கொடுக்க, மூன்றாவது உட்கருவுக்குள் போய் டிஎன்ஏவை வெட்டுகிறது.

டிஎன்ஏவில் வெட்டு விழுந்தால் செல் அதைச் சரிசெய்யும் வரை பிரியாது, அது செல்லுக்குள் இருக்கிற கட்டுப்பாடு. பிரிவதை நிறுத்துமே தவிர வளர்வதை நிறுத்தாது. ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் இந்த நச்சை விட்டால் இரண்டு மூன்று நாளில் பலூன் மாதிரி ஊதி, அப்புறம் சாகும். நச்சுக்குப் பெயரே 'ஊத வைத்துக் கொல்லும் நச்சு' என்கிற பொருளில்தான் வைத்திருக்கிறார்கள். குடல்சுவர் சில நாளுக்கு ஒரு முறை பழைய செல்களை உதிர்த்துப் புதிதாகிக்கொண்டே இருப்பது. அந்தப் பிரியும் வேலையிலேயே கை வைத்தால்?

பாதிச் சேதம் நம் ஆள்களே செய்வது. வெள்ளையணுக்கள் படையெடுத்து வந்து, பாக்டீரியாவை அடிக்கிற அடியில் சுவரும் பெயர்கிறது. ரத்தம் வருவது அதனால்தான்.

இன்னொன்று உண்டு, அரிது. இந்தப் பாக்டீரியாவின் மேலுறையில் இருக்கிற ஒரு சர்க்கரை அமைப்பு, நம் நரம்பு உறையில் இருக்கிற கேங்லியோசைடு என்ற பொருளை அச்சு அசலாக ஒத்திருக்கும். பாக்டீரியாவை எதிர்க்கக் கிளம்பிய எதிர்ப்புப் புரதங்கள் நரம்பையும் தாக்கும். கால் மரத்து, எழுந்து நிற்க முடியாமல், சிலருக்கு மூச்சே நின்றுபோகிற கியான்-பாரே நோய். ஆயிரம் கேம்பைலோபாக்டர் தொற்றில் சுமார் ஒருவருக்கு. ஒரு கல்லூரிப் பையனை வார்டில் பார்த்தேன். வயிற்றுப்போக்கு நின்று இரண்டு வாரம் கழித்து மாடிப்படி ஏற முடியவில்லை என்று வந்தான். பிழைத்தான், நடக்க ஆறு மாதம் ஆயிற்று. வயிற்றுப்போக்கைப் பற்றி அவன் அம்மா போகிற போக்கில்தான் சொன்னார்.

ஜூன் 8, காலை 11.00

சால்மோனெல்லா எப்படி என்கிறீர்கள். இது வேறு குணம். ஊசி மாதிரி ஒரு கருவி வைத்திருக்கிறது, அதைக் குடல் செல்லில் குத்திச் சில புரதங்களை உள்ளே செலுத்தும். செல்லுக்கு வடிவம் கொடுக்கிற ஆக்டின் இழைகள் அந்த இடத்தில் தாறுமாறாக எழும்பும், சவ்வு அலை மாதிரி பொங்கி வந்து பாக்டீரியாவை வாரி உள்ளே எடுத்துக்கொள்ளும். வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி. உள்ளே போனதும் ஒரு பைக்குள் உட்கார்ந்துகொண்டு, இரண்டாவது ஊசியால் அந்தப் பையின் சுவர் வழியாக இன்னும் சில புரதங்களை விட்டு, தன்னைச் செரிக்க வருகிற நொதிகளை ஒதுங்க வைக்கும். தன்னைத் தின்ன வந்த வெள்ளையணுவுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும்.

இறைச்சியோடு இதற்குப் பழைய கணக்கு இருக்கிறது. 1888-ல் ஜெர்மனியின் ஃப்ராங்கன்ஹவுசனில், நோயால் அவசரமாக அறுத்த மாட்டின் கறியைத் தின்று 50-க்கு மேற்பட்டோர் விழுந்தார்கள். பச்சையாகத் தின்ற ஒருவர் இறந்தார். கார்ட்னர் என்ற மருத்துவர் கறியிலும் இறந்தவர் உடலிலும் ஒரே பாக்டீரியாவைக் காட்டினார். 1953-ல் ஸ்வீடனின் ஆல்வெஸ்டாவில் ஒரு அறுகூடத்திலிருந்து கிளம்பிய சால்மோனெல்லா சுமார் 9,000 பேரைப் படுக்க வைத்தது, 90 பேர் போனார்கள். அதற்கப்புறம் ஸ்வீடன் கோழிப்பண்ணையிலிருந்தே கட்டுப்பாட்டை ஆரம்பித்துவிட்டது.

ஜூன் 9, ஞாயிறு, காலை 8.20

பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்களா என்று கேட்டு ஆறு பதிவுகள். இங்கே பேசுவது கிருமி. பல்லடத்தில் இருந்து வருகிற வண்டியில் இருக்கும் அத்தனை கோழிக்கும் தினம் ஊசி போட யாருக்குக் கை இருக்கிறது? இளவரசி மாதிரி வளர்ப்பார்களா என்ன. வேகமாக வளர்கிற இனம், அவ்வளவுதான். கேட்க வேண்டுமென்றால் ஆன்டிபயாடிக்கைப் பற்றிக் கேளுங்கள். கடைசி ஆயுதமாக வைத்திருந்த கொலிஸ்டினைக் கோழித் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள், இந்தியாவில் 2019-ல்தான் தடை வந்தது.

நாட்டுக்கோழி மட்டும் சுத்தமா என்றும் ஒருவர். கேம்பைலோபாக்டருக்கு இன வேறுபாடு தெரியாது. என் கதையைத்தான் மேலே எழுதினேனே.

ஜூன் 11, இரவு 11.15

முதல் நாள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். "கழுவாதீர்கள், அவ்வளவுதான் விஷயம்" என்று அடித்துச் சொல்லியிருக்கிறேன். அவ்வளவுதான் விஷயம் இல்லை.

அமெரிக்க வேளாண் துறைக்காக ஒரு சோதனை நடத்தினார்கள், முடிவு 2019-ல் வந்தது. கோழித்துண்டுகளில் கெடுதல் செய்யாத ஒரு பாக்டீரியாவை அடையாளத்துக்குத் தடவிக் கொடுத்து, ஜனங்களைச் சமைக்கச் சொல்லி, கூடவே கீரை சாலட்டும் செய்யச் சொன்னார்கள். கோழியைக் கழுவியவர்களில் 60 சதவீதம் பேரின் சிங்க்கில் அந்தப் பாக்டீரியா இருந்தது. சிங்க்கைக் கழுவிவிட்ட பிறகும் 14 சதவீதத்தில் இருந்தது. கழுவியவர்களில் 26 சதவீதம் பேரின் சாலட்டிலேயே அது போய்ச் சேர்ந்திருந்தது. இதுவரை நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த கணக்கு.

அடுத்த வரியை நான் சொல்வதே இல்லை. கோழியைக் கழுவாதவர்களில் 31 சதவீதம் பேரின் சாலட்டில் இருந்தது.

அப்படியானால் கழுவுவதும் கழுவாததும் பெரிய வித்தியாசம் இல்லை. சாலட்டுக்குப் போனது கை வழியாக. கோழியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல், தண்ணீரில் காட்டிவிட்டுக் கீரையைப் பிய்த்திருக்கிறார்கள்.

சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு உடனே அப்பத்தா ஞாபகம் வந்தது. அவர் கறியை அடுப்படிக்குள் கழுவ விட்டதில்லை. கொல்லைப்புறத்தில், தரையோடு உட்கார்ந்து, சட்டித் தண்ணீரில் முக்கி அலசுவார். குழாய்க்கு அடியில் உயரத்திலிருந்து பீச்சுகிற வேலை கிடையாது. தண்ணீர் வாழை மரத்தடிக்குப் போகும். கறிச்சட்டி தனி, கறி அரிகிற அரிவாள்மனை தனி. "கவுச்சி கலக்கக் கூடாது" என்பார், ஏன் என்று கேட்டால் அடி விழும். அவர் கழுவினார்தான், ஆனால் தெறித்தால் தெறிக்கிற இடத்தில் வெங்காயம் இல்லை. நாம் ஃப்ளாட்டுக்கு வந்தோம். கொல்லையை விட்டுவிட்டுக் கழுவுவதை மட்டும் தூக்கிக்கொண்டு வந்து, டம்ளர் ஸ்டாண்டுக்கு அடியில் வைத்தோம்.

கேட்ட அம்மாவுக்கு: குமட்டுகிறது என்றால் கழுவுங்கள். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து, குழாயை மூடிவிட்டு, உள்ளேயே அலசி மெதுவாகக் கொட்டுங்கள். பச்சடிக்கு வேண்டியதை அதற்கு முன்பே நறுக்கி மூடி வைத்துவிடுங்கள். அப்புறம் கைக்கும் சிங்க்குக்கும் சோப்பு. மகனிடம் நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம், முதலில் அவன் பக்கம் நின்றவள் நான்.

ஜூன் 12, காலை 7.05

2022-ல் காசர்கோட்டில் ஷவர்மா சாப்பிட்டு ஒரு மாணவி இறந்ததை ஒருவர் எழுதியிருக்கிறார். அங்கே பாதிக்கப்பட்டவர்களின் மாதிரியில் ஷிகெல்லா கிடைத்தது. ஷிகெல்லாவுக்கு வீடு மனிதக் குடல், கோழியின் குடல் அல்ல. மனிதரிடமிருந்துதான் வர வேண்டும், பெரும்பாலும் கை வழியாகவோ தண்ணீர் வழியாகவோ.

ஜூன் 18, மாலை 6.30

நேற்று பக்ரீத். மூன்றாவது வீட்டிலிருந்து பிரியாணியும் வந்தது, பச்சைக் கறியும் வந்தது. பிரியாணியைச் சுடச்சுடத் தின்றுவிட்டுக் கறியைப் பார்த்தபோது எங்கள் வீட்டுக் கிடாவெட்டுக் கதை ஞாபகம் வந்தது. முதல் நாள் "கொதித்தால் செத்துவிடும்" என்று எழுதினேனே, அதற்கும் இது ஒரு வெட்டு.

1998, குலதெய்வம் கோயில். மூன்று கிடா. சாயங்காலம் பந்தி முடிந்தும் அரை அண்டா குழம்பு மிச்சம். தட்டுப் போட்டு மூடி, விறகடுப்பு அணைந்த சூட்டிலேயே வைத்துவிட்டுப் படுத்தோம். காலையில் லேசாகச் சூடு காட்டி, இட்லிக்கு ஊற்றினோம். ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஒவ்வொருவராக ஓட ஆரம்பித்தார்கள். முப்பது பேருக்கு மேல். வாந்தி இல்லை, காய்ச்சல் இல்லை, வயிற்றைப் பிசைகிற வலியும் போக்கும் மட்டும். மறுநாள் மத்தியானத்துக்குள் எல்லோரும் தெளிந்துவிட்டார்கள். பெரியப்பா சாமி குத்தம் என்றார், பூசை அரை மணி தள்ளிப்போனதாம். பங்காளிகளுக்குள் அதைவைத்து ஒரு வருடம் பேச்சுவார்த்தை இல்லை.

சாமி பாவம். அறிகுறியும் நேரமும் அப்படியே கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியா. இது கொதிநிலையிலும் சாகாத, தடித்த உறை போர்த்திய வித்தாக மாறித் தூங்கும். கொதிக்கும்போது குழம்பிலிருந்து காற்று வெளியேறிவிடும், இதற்குக் காற்றே ஆகாது என்பதால் அது வசதி. ஆறும்போது விழித்துக்கொள்ளும். 43, 45 டிகிரியில் பத்து நிமிடத்துக்குள் ஒன்று இரண்டாகும். பத்து நிமிடம் என்றே வைத்துக்கொண்டாலும் 200 நிமிடத்தில் ஒன்று பத்து லட்சத்தைத் தாண்டும். அரை அண்டா குழம்பு ஆற ராத்திரி முழுக்க ஆகும்.

அத்தனையையும் விழுங்கினால், வயிற்று அமிலத்தைத் தாண்டியவை குடலில் மறுபடி வித்தாகும். வித்து வெளிவரத் தாய்ச்செல் உடைய வேண்டும், உடையும்போது நச்சும் கொட்டும். அந்த நச்சு, குடல் செல்களை ஒன்றோடொன்று இறுக்கித் தைத்திருக்கிற கிளாடின் புரதத்தைப் பிடித்துக்கொண்டு, ஆறேழு மூலக்கூறாகச் சேர்ந்து சவ்வில் ஓட்டை போடும். கால்சியம் உள்ளே பாயும், செல் சாகும், தையல் பிரியும், தண்ணீர் வெளியே.

மிச்சக் குழம்பை ராத்திரியே அகலப் பாத்திரங்களில் பிரித்து ஆற வைத்து ஃப்ரிட்ஜுக்குள் தள்ள வேண்டும். காலையில் சூடு காட்டினால் போதாது, கொதிக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் சுண்டக்கறி என்று வேளைக்கு வேளை கொதிக்க வைத்துச் சுண்ட வைத்தார்கள் பாருங்கள், அது சும்மா ருசிக்காக மட்டும் இல்லை. எங்கள் கிடாவெட்டில் அன்றைக்கு யாருக்கும் அந்த அலுப்பைத் தாங்க மனசில்லை.

ஜூன் 18, இரவு 8.00

இதன் கொடிய பங்காளி பப்புவா நியூ கினி மலைநாட்டில் இருந்தது. பன்றி அறுத்து விருந்து வைத்த பிறகு குழந்தைகளுக்குக் குடலே அழுகிப்போகும், பிக்பெல் என்பார்கள். அது விடுகிற நச்சைச் சாதாரணமாக நம் குடலில் புரதத்தைச் செரிக்கிற டிரிப்சின் என்ற நொதி அழித்துவிடும். அவர்களுடைய அன்றாடச் சாப்பாடு சர்க்கரைவள்ளிக் கிழங்கு. அதில் டிரிப்சினைத் தடுக்கிற பொருள் இருக்கிறது, புரதம் குறைந்த உடம்பில் டிரிப்சினும் குறைவு. நச்சு தப்பித்தது. 1980-களில் தடுப்பூசி வந்த பிறகு வெகுவாகக் குறைந்தது. கிழங்கைத் தூக்கிப் போடாதீர்கள், நம் கதை வேறு.

ஜூன் 20, மாலை 4.45

கொத்துக்கறி, கோலா உருண்டை கேட்டவருக்கு. முழுத் துண்டுக் கறியில் பாக்டீரியா மேற்பரப்பில் இருக்கும், சூடு முதலில் படுவதும் அங்கேதான். கொத்தினால் வெளியே இருந்தது உள்ளே போய்விடும். உருண்டை வெளியே சிவந்து உள்ளே வேகாமல் இருந்தால் அங்கே உயிரோடு இருக்கும். 1993 தொடக்கத்தில் அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு பர்கர் கடைத் தொடரில் நடந்தது இதுதான். 700 பேருக்கு மேல் நோய், நாலு குழந்தைகள் இறந்தார்கள். ஈகோலை ஓ157. அடுத்த வருடமே அரைத்த மாட்டுக்கறியில் இந்தப் பாக்டீரியா இருந்தால் விற்கக் கூடாது என்று அங்கே விதி வந்தது.

இது விடுகிற ஷிகா நச்சுதான் என் ஆய்வக வாழ்க்கையில் என்னை அதிகம் மிரள வைத்தது. செல்லின் மேல் ஜிபி3 என்ற கொழுப்புப் பொருளைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகும். செல்லுக்குள் தயாராகும் சரக்கு உள்ளிருந்து வெளியே வருகிற பாதையில், இது எதிர்த்திசையில் ஓட்டிக்கொண்டு உற்பத்திக்கூடம் வரை போகும். போய் ஒரே ஒரு காரியம் செய்யும். புரதம் செய்கிற ரைபோசோமில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட எழுத்துகள் கொண்ட ஓர் ஆர்என்ஏ இழை இருக்கிறது. அதில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் இருக்கிற அடினைன் என்ற எழுத்தை மட்டும் கிள்ளி எடுத்துவிடும். ரைபோசோம் நின்றுவிடும். சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் சுவரில் ஜிபி3 நிறைய இருப்பதால் அடி அங்கே பலமாக விழும், குழந்தைகளுக்கு இன்னும் மோசம். மாட்டின் குடல் ரத்தக்குழாய்களில் அந்தப் பிடிமானம் இல்லை, அதனால் மாடு இதைச் சுமந்துகொண்டு நிம்மதியாக அசை போடும்.

அதே அடினைனைக் கிள்ளுகிற இன்னொரு பொருள் நம் வேலியோரத்தில் வளர்கிறது. ஆமணக்கு விதையின் ரைசின். ஜப்பானில் எண்டோவும் சுருகியும் 1987-ல் ரைசின் எங்கே கிள்ளுகிறது என்று கண்டார்கள், அடுத்த வருடம் பார்த்தால் ஷிகா நச்சும் அதே எழுத்தில் கை வைக்கிறது. ஒரு பாக்டீரியாவும் ஒரு செடியும் ஒரே பூட்டுக்குச் சாவி செய்து வைத்திருக்கின்றன. 1978-ல் லண்டனில் பல்கேரிய எழுத்தாளர் மார்க்கோவை ரைசின் வைத்த குண்டூசித் தலையளவு உருண்டையால்தான் கொன்றார்கள். (விளக்கெண்ணெய் குடித்து வளர்ந்தவர்கள் பதற வேண்டாம். ரைசின் எண்ணெயில் வராது, புண்ணாக்கில் தங்கிவிடும்.)

ரத்தமாகப் போனால் மெடிக்கலில் நாமாக ஆன்டிபயாடிக் வாங்கிப் போட வேண்டாம். இந்தக் கிருமியாக இருந்தால் சில மருந்துகள் நச்சை இன்னும் அதிகமாகச் சுரக்க வைக்கும். டாக்டரிடம் போங்கள்.

ஜூன் 23, ஞாயிறு, பகல் 1.15

"ஃப்ரிட்ஜில் வைத்தால் எல்லாம் செத்துவிடும்." சாகாது, தூங்கும். லிஸ்டீரியா என்ற பாக்டீரியா தூங்கக்கூடச் செய்யாது, 4 டிகிரியிலும் நிதானமாகப் பெருகும். 2017, 2018-ல் தென்னாப்பிரிக்காவில் போலோனி என்ற தயார்நிலைக் கறி மூலம் 1,060 பேருக்கு வந்தது, 216 பேர் இறந்தார்கள், பச்சைக் குழந்தைகள் நிறைய. போலோனியைச் சூடாக்காமல் அப்படியே ரொட்டியில் வைத்துத் தின்பது வழக்கம். இந்தப் பாக்டீரியா செல்லின் ஆக்டினையே தனக்கு வாலாகக் கட்டிக்கொண்டு, சவ்வோடு சேர்த்து உந்தி அடுத்த செல்லுக்குள் போய்விடும். வெளியே தலை காட்டுவதே இல்லை, எதிர்ப்புப் புரதங்கள் வாசலில் காத்துக் கிடக்கும்.

ஃப்ரீசர் வேறு. உறைய வைத்தால் கேம்பைலோபாக்டர் கணிசமாகக் குறையும், முழுதாகப் போகாது. ஐஸ்லாந்தில் புதுக்கோழி விற்க ஆரம்பித்ததும் நோய் எகிறியது. பாக்டீரியா இருக்கிற பண்ணைக் கோழியை உறைய வைத்துத்தான் விற்க வேண்டும் என்றதும் இறங்கியது. நியூசிலாந்தில் 2006-ல் கிட்டத்தட்ட 16,000 பேர் பதிவானார்கள், அப்போது நாட்டின் ஜனத்தொகையே 42 லட்சம்தான். அறுகூடங்களுக்கு அளவு வைத்துக் கெடுபிடி செய்ததும் இரண்டு வருடத்தில் பாதியானது. வீட்டுச் சிங்க்கில் எதுவும் மாறவில்லை, மாறியது அறுகூடத்தில். கறிக்கடைத் தம்பியிடம் முதல் நாள் நான் கொஞ்சம் மென்மையாகப் பேசிவிட்டேன். வெந்நீரை அடிக்கடி மாற்றுங்கள் தம்பி.

ஜூலை 14, ஞாயிறு, மாலை 3.40

மூன்று வாரமாக எழுதவில்லை, மகள் வந்திருந்தாள். கேள்வி கேட்ட அம்மா இப்போது பாத்திரத்தில் அலசுகிறாராம், மகன் சமாதானம் ஆகிவிட்டானாம்.

நான் புதிதாக ஓர் அரிவாள்மனை வாங்கினேன். கறிக்கு ஒன்று, காய்க்கு ஒன்று. எது எது என்று குழப்பம் வரக் கூடாது என்று வீட்டுக்காரரே கறி மனையின் காலில் சிவப்பு நூல் கட்டினார். இன்று காலை அடுப்படிக்குள் போனால், கோழி அரிந்து முடித்து, சிவப்பு நூல் கட்டிய மனையில் எனக்காக வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறார். வாடை பிடிக்காமல் மூக்கில் துண்டு வேறு கட்டியிருந்தார்.